கேள்வி டீச்சரின் ஐந்து சீட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அவர்களே, அரசு அலுவலகத்திலிருந்து நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரி அவர்களே, அவருடைய உதவியாளரே, பெற்றோர்களே, ஒரு காலத்தில் எங்கள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. பேச வேண்டியதை ஏழு தாள்களில் எழுதி, ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கை தவறித் தாள்கள் கீழே விழுந்தாலும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம் அல்லவா? காலையில் என் மகள் இதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இரங்கல் கூட்டத்துக்குமா நம்பர்?” என்று கேட்டாள். ஆமாம். நான் அப்படிப்பட்டவன்தான். உங்களில் பலருக்கு ‘அலமாரி சார்’ என்றால்தான் என்னைத் தெரியும். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், டீச்சர் கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள், நான் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். பதினான்கு ஆண்டுகள் என் வேலை அதுதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. வாசலில் ஒரு மேசை போட்டு, நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததைக் கவனித்தீர்களா? அதற்குத் தலைப்பு எதுவும் இல்லை. “இதுல என்ன எழுதணும் தம்பி?” என்று கேட்டேன். “நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் பெரியவரே, நாங்க பாத்துக்கறோம்” என்றார் அந்தத் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் கட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

போய்விட்டார் நம் கேள்வி டீச்சர்! முனைவர் பட்டம் பெற்றவர். வெளியூர்க் கல்லூரிகளில் கூப்பிட்டும் போகாதவர். ஆனால் அந்தப் பட்டத்தால் அவருக்குக் கிடைத்ததெல்லாம், ‘டாக்டரம்மா’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த தாய்மார்கள்தாம். வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று பஸ் ஏற்றி விடுவார். காய்ச்சல் தணிந்ததும் அந்தக் குழந்தை எங்கள் குட்டி நாற்காலிக்கு வந்து சேர்ந்துவிடும். எங்கள் ஆய்வுக்குப் பிள்ளைகள் சேர்ந்த விதங்களில் இதுவும் ஒன்று.

என்ன ஆய்வு? சொல்கிறேன். ஒரு குழந்தை, ‘நான் இன்ன இனம்’ என்று எப்போது சொல்லத் தொடங்குகிறது? யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சொன்னபின் அந்தக் குழந்தைக்குள் என்ன மாறுகிறது? இவ்வளவுதான். நம் ஊரில் மேட்டுக்காரர்கள் இருக்கிறோம், துறைக்காரர்கள் இருக்கிறார்கள். மேட்டில் ஒரு மொழி, துறையில் ஒரு மொழி, கடைத்தெருவில் இரண்டும் கலந்த மூன்றாவது மொழி. பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் இது தெரியாது. பதினெட்டு வயதில் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. நடுவில் என்ன நடந்தது? அதைத்தான் டீச்சர் கேட்டார்.

கேட்ட முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அறைக்குக் குறுக்கே ஒரு கொடிக்கயிறு, அதில் ஐந்து துணிக்கிளிப்புகள். பழைய காலண்டர் தாளை வெட்டிய ஐந்து சீட்டுகள். “நீ யாரு? அஞ்சு பதில் சொல்லு” என்பார். குழந்தை சொல்லச் சொல்ல நான் எழுதி மாட்டுவேன். பிறகு, “ஒண்ணே ஒண்ணக் கழட்டணும்னா எதக் கழட்டுவே?” என்பார். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு சீட்டு கயிற்றில் தனியாக ஆடும். எண், தேதி, கழற்றிய வரிசை. நான் குறித்துக்கொள்வேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பிள்ளைக்கும்.

நான்கு வயதில் என்ன சொல்வார்கள் தெரியுமா? “நான் வேகமா ஓடுவேன்.” “நான் அம்மா பொண்ணு.” “எனக்கு நாய்னா பயமில்ல.” “எனக்குப் பல் ஆடுது.” இனம் என்ற சீட்டே கயிற்றில் ஏறாது. ஒரு வாண்டு, ஐந்து சீட்டிலும் தன் பெயரையே எழுதச் சொல்லிவிட்டு எதையும் கழற்ற மாட்டேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கயிறு அறுந்தது. அந்த ஆண்டு அவனுக்கு முடிவு ‘கயிறு அறுந்தது’ என்றுதான் நான் பதிய வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வியும் டீச்சர் கேட்பார். “மேட்டுக்காரங்க துணிய நீ போட்டுக்கிட்டா, நீ மேட்டுக்காரியா ஆயிடுவியா?”

“ஆயிடுவேன்” என்றாள் துறையிலிருந்து வந்த நான்கு வயதுச் சிறுமி.

“அப்புறம்?”

“கழட்டினா திரும்பி வந்துடுவேன்.”

இதே சிறுமி ஏழு வயதில் வந்தாள். அதே கேள்வி. “ஆக முடியாது டீச்சர். ரத்தம் வேற.”

“யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்.”

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். ‘எல்லாருக்கும் தெரியும்’ என்பதன் கீழே கோடு போடச் சொன்னார். அவள் போனபின் சொன்னார்: “சார், ரத்தம் வேறன்னு சொன்னது கூடப் பரவால்ல. யாரு சொன்னாங்கன்னே தெரியாம சொல்றா பாருங்க. மனுசன் சொன்னா எதிர்த்துப் பேசலாம். காத்து சொன்னா யாரை எதிர்த்துப் பேசுறது?”

பத்து வயதில் அவர்கள் ஒப்பிடத் தொடங்குவார்கள். எங்கள் ஆட்கள் சுத்தம், அவர்கள் அழுக்கு. எங்கள் ஆட்கள் தைரியம், அவர்கள் பயந்தாங்கொள்ளி. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இதே சொற்களை, இதே வரிசையில், எதிர்ப்பக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். எழுதும் எனக்கே சில நாள் எந்தப் பக்கத்துப் பிள்ளை பேசுகிறது என்று குழம்பிவிடும்.

டீச்சர் இனமே வேண்டாம் என்று சொன்னவர் என நினைத்துவிடாதீர்கள். சற்று முன் பேசிய பேராசிரியர் அவர்கள் அன்பினால் அப்படிச் சொன்னார். உண்மை வேறு. பதினான்கு, பதினைந்து வயதில் சில பிள்ளைகள் தேடத் தொடங்குவார்கள். தாத்தா எங்கிருந்து வந்தார், இந்தச் சொல்லுக்கு நம் மொழியில் என்ன, ஏன் நாம் இந்தத் தெருவில் இருக்கிறோம் என்று கேட்டுக் கேட்டு வீட்டில் உள்ளவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளை டீச்சருக்கு மிகவும் பிடிக்கும். “தேடட்டும் சார். தானாத் தேடிக் கண்டுபிடிச்ச பிள்ள அடுத்தவனையும் தேட விடும். தேடுறதுக்கு முன்னாடியே கையில திணிச்சுட்டா, அது அடுத்தவன் கையையும் சோதிச்சுப் பாக்கும்” என்பார். பதினான்கு ஆண்டுக் குறிப்புகளைப் புரட்டிய எனக்கு, அவர் சொன்னதற்கு மாறாக ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. புரட்டாமல் விட்ட பக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் இன்றும் உண்டு.

இனி நான்காம் தாள். இதைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐந்து வயதுப் பிள்ளைகளின் கயிற்றில் அந்தச் சீட்டு வரத் தொடங்கியது. முதலில் இரண்டு பேர். அடுத்த ஆண்டு பதினொரு பேர். சென்ற ஆண்டு, புதிதாக வந்த சின்னஞ்சிறு பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் ‘நான் மேடு’, ‘நான் துறை’ என்று முதல் பதிலாகவே சொன்னார்கள். அது போகட்டும். கழற்றச் சொன்னால் கழற்ற மறுத்தார்கள். அம்மா பொண்ணைக் கழற்றினார்கள். வேகமாக ஓடுவேனைக் கழற்றினார்கள். இந்த ஒன்றைத் தொட்டதும் ஒரு குழந்தை அழுதது. “இதக் கழட்டினா எங்களப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க” என்றது. இன்னொரு குழந்தை, “இது இருந்தாத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க” என்று சொல்லி, சீட்டைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டது.

அன்று மாலை டீச்சர் கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். எதிர்ச்சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டிருந்தது. காலையில் அது இல்லை. அடுத்த வாரம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் புதிய கட்டம் ஒன்று சேர்ந்தது. டீச்சர் அரசு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பெயர் இல்லை, முகவரி இல்லை, எண்கள் மட்டும். ‘பெரியவர்கள் வீட்டுக்குள் எதைப் பேசிப் பயப்படுகிறார்களோ அது குழந்தைகளின் கயிற்றில் வந்துவிட்டது. காலம் இருக்கும்போதே கவனியுங்கள்’ என்று எழுதினார்.

பதில் வந்தது. ஒன்பதே நாளில் வந்தது! எந்த அலுவலகம் ஒன்பது நாளில் பதில் போட்டிருக்கிறது? தங்கள் அக்கறைக்கு நன்றி என்றிருந்தது. பங்கேற்ற பிள்ளைகளின் பெயர், முகவரி, பிரிவு ஆகியவற்றின் பட்டியலை உடனே அனுப்பி வைக்கவும் என்றிருந்தது.

டீச்சர் நேரில் போனார். “அப்படி ஒரு பட்டியலே எங்ககிட்ட இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தார். உண்மையைத்தான் சொன்னார். அதாவது, அவருக்குத் தெரிந்த உண்மையை.

அன்பர்களே, பட்டியல் இருந்தது. எழுதியவன் நான்.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. குழந்தை சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். பெரியவர்களிடம் கேட்டு எழுதக் கூடாது. குழந்தை சொல்லாவிட்டால் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு ஆனாலும் காலியாகவே. பெயரும் எண்ணும் டீச்சரின் கைப்பையில் ஒரு சிறு குறிப்பேட்டில் மட்டும். நான் இதை முதல் நாளே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டவன். ஆனால் என் கண்ணுக்குக் காலிக் கட்டம் ஆகாது. பல்லில் சிக்கிய துரும்பு போல. ஏழு ஆண்டுகளுக்கு முன், டீச்சர் உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் வராதபோது, அந்தக் குறிப்பேடு என் பொறுப்பில் இருந்தது. வேலையை எளிதாக்குகிறேன் என்று நானாக ஒரு பதிவேடு போட்டேன். எண், பெயர், முகவரி, பிரிவு. பிரிவு என்றால் மேடா, துறையா என்ற கட்டம். பேனா மையில், கோடு போட்டு, முத்து முத்தான எழுத்தில். பிறகு சேர்ந்த பிள்ளைகளையும் விடாமல் சேர்த்துக்கொண்டே வந்தேன். இந்த ஒன்றை நான் டீச்சரிடம் காட்டவில்லை. காட்டினால் கோபிப்பார் என்று எனக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

எளிதாக்குவதற்காகவா எழுதினேன்? வயதான காலத்தில் பொய் எதற்கு? ஒரே ஒரு கட்டத்துக்காக எழுதினேன். அந்தக் கட்டம் என் பேத்தியுடையது.

என் மகள் துறைக்காரப் பிள்ளையைக் கட்டிக்கொண்டவள். பேத்தியும் எங்கள் ஆய்வில் இருந்தாள். நான்கு வயதில் அவள் கயிற்றில் ‘நான் பூனை’ என்று ஒரு சீட்டு ஆடியது. ஏழு வயதில் டீச்சர் கேட்டார், “நீ மேடா, துறையா?”

“அப்பா வீட்டுல இருந்தா மேடுங்கறாங்க. தாத்தா வீட்டுல இருந்தா துறைங்கறாங்க” என்றாள்.

“நீ என்ன சொல்றே?”

“நான் ஒண்ணும் சொல்லல. அவங்களே சண்ட போட்டு முடிக்கட்டும்.”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அவள் கட்டம் காலியாகவே இருந்தது. என் பேத்தி! என் மூக்கு, என் நடை. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பதினொரு வயதில் நான் அந்தப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேராக ‘மேடு’ என்று எழுதினேன். ஒன்றை எழுதியபின் மற்றக் காலிக் கட்டங்களையும் விட்டுவைப்பது முறையா? முறை தவறக் கூடாதே என்று எல்லாப் பிள்ளைகளின் கட்டங்களையும், தாய் தகப்பன் பேசும் மொழியை வைத்து நிரப்பிவிட்டேன். பிறகு சேர்ந்தவர்களோடு மொத்தம் நூற்று எண்பத்தாறு வரிகள். ஒழுங்கு என்ற பெயரில் நான் செய்த காரியம் இது.

இதோடும் என் ஒழுங்கு நிற்கவில்லை. அலமாரிக் கதவின் உட்புறம், எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாள் ஒட்டியிருப்பேன். அதில் நான்காம் தட்டுக்கு நேராக, ‘பெயர், முகவரி, பிரிவுப் பதிவேடு’ என்று எழுதி வைத்திருந்தேன்! திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வைப்பது போல. சென்ற மாதம் அலுவலகத்திலிருந்து ஒருவர் அறையைப் பார்வையிட வந்தார். நான் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தேன். டீச்சர் அவருக்காக அலமாரியைத் திறந்தார். மறைக்க எதுவும் இல்லை என்று நம்பித் திறந்தார். வந்தவர் எதையும் தொடவில்லையாம். கதவில் ஒட்டியிருந்த தாளை மட்டும் நின்று வாசித்தாராம். “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் திரும்பி வந்தபோது பதிவேடு டீச்சரின் மடியில் திறந்திருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சார், நாம கேள்விதானே கேட்டோம்? பதில நீங்களே எழுதிட்டீங்களே” என்றார். பிறகு பேத்தியின் வரியில் விரல் வைத்து, “இவளுக்குமா?” என்றார்.

அதன் பின் இரண்டு முறை அவரை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். இரண்டு முறையும், “அப்படி ஒரு பட்டியல் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தார். வாழ்நாளில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாத அந்த அம்மையார், என் கையெழுத்துக்காகப் பொய் சொன்னார்! கடைசி முறை அவரை நான்கு மணி நேரம் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். நாற்காலிகள் இருந்தனவாம். உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லையாம். இறங்கி வரும்போது மாடிப்படியில் விழுந்தார். இதயம் நின்றுபோனது என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது. அந்தச் சான்றிதழை நான் மூன்று முறை படித்தேன். குறை எதுவும் இல்லை. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன.

அவர் மேடா, துறையா? அன்று பிணவறை வாசலில் ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். எனக்குத் தெரியாது. பதினான்கு ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறோம். கேட்கத் தோன்றியதே இல்லை. எல்லோருடைய கட்டத்தையும் நிரப்பிய இந்தக் கை அவருடையதை மட்டும் எப்படி விட்டது? யோசித்துப் பார்க்கிறேன், புரியவில்லை.

ஆறாம் தாள். அதிகாரி அவர்கள் தம் இரங்கல் செய்தியில் மிகுந்த பெருந்தன்மையோடு ஒன்று சொன்னார்கள். டீச்சரின் பெயரால் ஒரு நினைவுக் கூடம் திறக்கப்படும், அவருடைய ஆவணங்கள் அனைத்தும் அங்கே பாதுகாக்கப்படும், அலமாரியை நாளைக் காலை எடுத்துச் செல்ல வண்டி வரும் என்றார்கள். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பாதுகாப்பது என்பது நல்ல சொல்தானே?

அதனால், அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவது என் கடமை. முதல் மூன்று தட்டுகளில் பதினான்கு ஆண்டுச் சீட்டுகள், எண்களின் வரிசையில். ஐந்தாம் தட்டில் கயிறும் கிளிப்பும். நான்காம் தட்டு காலி. டீச்சரின் கைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டை அவரோடே அனுப்பிவிட்டோம். என் பதிவேட்டின் கதை வேறு.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, நான் அதை மேசைமேல் வைத்து, அடிக்கோல் வைத்து, வரி வரியாக வெட்டினேன். நூற்று எண்பத்தாறு துண்டுகள். தெரு வாரியாக அடுக்கினேன். பத்தொன்பது நாட்கள் நடந்தேன். பெரிய பிள்ளைகளிடம் அவரவர் கையில், சின்னப் பிள்ளைகளுக்குத் தாயிடமோ தகப்பனிடமோ கொடுத்தேன். “இது உங்க வரி. நான் கேக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். நூற்று எண்பத்து மூன்று முறை. ஒரு தாய் கதவைச் சாத்தினார். ஒரு தகப்பன் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்று கயிற்றை அறுத்தானே, அந்த வாண்டு, இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், கயிறு அறுந்ததுக்கு என் வரில ஒண்ணும் இல்லையே” என்றான். அவர்கள் அந்தத் துண்டுகளை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் இங்கே வந்திருக்கிறார்களா என்றும் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மூன்று துண்டுகளைக் கொடுக்க முடியவில்லை. ஒரே தெருவில் மூன்று வீடுகள். மூன்றிலும் வெளியில் பூட்டு. ஒரு வீட்டுக் கொடியில் காயப்போட்ட சிறு சட்டை அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். “எங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்கள், நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே. நான்கு முறை போனேன். நான்காம் முறை சட்டையும் இல்லை. எதிரே ஒரு வண்டி மட்டும் நின்றது.

அந்த மூன்று துண்டுகளையும் இன்று காலை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டேன். மை கரைந்து தண்ணீர் நீலமாக எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டேன். பதினொரு நிமிடம். பழக்கதோஷம். நகல் உண்டா என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் நகல் எடுக்காமல் நான் எழுதியது அது ஒன்றுதான். ஞாபகம் இருக்குமே என்பீர்கள். காலையில் மாத்திரை போட்டேனா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. என் மகளைக் கேளுங்கள்.

பேத்தியின் துண்டையும் கொடுத்தேன். அவளுக்கு இப்போது பதினெட்டு. வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தாத்தா, இது உங்க கையெழுத்தாச்சே.”

“ஆமாம்மா.”

“நான் சொன்னதா?”

“இல்லம்மா. நான் எழுதினது.”

அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. துண்டை நான்காக மடித்தாள். “அப்பா ஊர்ப் பேச்சு இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கேன் தாத்தா. உங்க பாட்டெல்லாமும் எழுதி வெச்சிருக்கேன். நான் யாருன்னு இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன். தெரிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன். அதுவரைக்கும் யாரும் எழுத வேண்டாம்” என்றாள். போன வாரம் அவளும் அவள் அப்பாவும் பஸ் ஏறினார்கள். எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று என் மகள் சொல்லிவிட்டாள். முதல் முறையாக ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது.

கடைசித் தாள். இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது மரபு. பெரிய உறுதிமொழிக்கு நான் தகுதியானவன் இல்லை. சிறிதாக ஒன்று சொல்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சைக்கிள் கடை மாடி திறந்திருக்கும். கயிறு இருக்கும், காலண்டர் தாள் இருக்கும். குழந்தைகளிடம் கேட்போம். அவர்கள் சொன்னதை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புவோம். நான் அங்கே இல்லாவிட்டால்? கயிறு கட்டத் தெரிந்தவர்கள் நூற்று எண்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள்! நான்கு வயதிலிருந்து பார்த்தவர்கள். யாராவது ஒருவர் முன்னால் வந்து நிற்க மாட்டார்களா? நம்புகிறேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். இதில் வரவில்லை.

டீச்சர் இறப்பதற்கு முந்தின நாள் மாலை என்னைக் குட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார். “பதினாலு வருசமா எழுதிக்கிட்டே இருக்கீங்க. நீங்க யாரு சார்? அஞ்சு சொல்லுங்க” என்றார். முட்டி இரண்டும் காதைத் தொட உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, அன்றைக்கு அவர் எழுதி மாட்டினார். நான் என் மகளின் அப்பா. நான் ஒரு தாத்தா. நான் மேட்டுக்காரன். நான் பயந்தவன். நான் அலமாரி சார்.

“முதல்ல எதக் கழட்டுவீங்க?” என்றார்.

“நாளைக்குச் சொல்றேன் டீச்சர்” என்றேன். நாளைக்கு அவர் இல்லை.

டீச்சர், இன்று சொல்கிறேன். முதலில் கழற்றுவது இது. ‘அலமாரி சார்’ என்ற சீட்டு, அதோடு அலமாரிச் சாவி. இந்த மேசைமேல் வைக்கிறேன். அதிகாரி அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கதவில் ஒட்டியிருந்த தாளையும் திருத்தி எழுதிவிட்டேன், நான்காம் தட்டு காலி என்று. மற்ற நான்கு சீட்டுகளும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. அவை என்னுடையவை. கேட்டாலும் தர மாட்டேன்.

தாள்கள் முடிந்துவிட்டன. இனி சொல்வது தாளில் இல்லை. மேடையிலிருந்து இறங்க நான்கு படிகள். ஏறும்போதே எண்ணிக்கொண்டேன். கீழ்ப்படியில் அதிகாரி அவர்களின் உதவியாளர் வந்து நிற்கிறார். வயதானவனுக்குக் கை கொடுக்கத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நிதானமாகவே இறங்குகிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருங்கள்.

வணக்கம்.